லாரி ஓட்டுநரின் வருவாயும் வீடு திரும்பும் நாளும்

டில்லி–மும்பை தடத்தில், ஏறத்தாழ 1,400 கிலோமீட்டர் தொலைவு, லாரி ஓட்டும் ஒருவருக்கு உள்ளூரிலேயே மாதச் சம்பளத்தில் ஓட்டுநர் பணி கிடைப்பதாகக் கொள்வோம். இரவில் வீடு திரும்பலாம். ஆயினும் அவர் தயங்குகிறார். நெடுந்தொலைவுப் பணியில் நடைக் கூலியும் படியும் கூடுதலாகத் தோன்றுகின்றன. சரக்கை இறக்கவும், திரும்புகாலில் சுமை கிடைக்கவும் காத்துக் கிடக்கும் நாள்களுக்குப் பெரும்பாலும் தனிக் கூலி இல்லை. அந்நாள்களையும், வழியில் உண்ணும் செலவையும் சேர்த்துக் கணக்கிட்டாலன்றி உண்மை வேறுபாடு புலப்படாது.

1961ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளொன்றுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி என வேலை நேரத்தை வரையறுத்தது. வார ஓய்வும் விதித்தது. ஆனால் ஐவரோ அதற்கு மேற்பட்டோரோ பணிபுரியும் நிறுவனங்களுக்கே அது பொருந்தியது. ஓரிரு லாரி உடையோரிடம் வேலை பார்த்தவர்க்கு வீடு திரும்பும் நாளைச் சரக்கே முடிவு செய்தது.