சிறு பாய்ப்படகும் அதன் உடைமையாளரும்

ஹைதராபாத் நகரம் கடற்கரையிலிருந்து 250 கிலோமீட்டருக்கும் அதிகமான தொலைவில், கடல் மட்டத்திற்கு 500 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில், தக்காணப் பாறைகளினிடையே அமைந்துள்ளது. பாய்மரக் கலைக்கும் அவ்வூருக்கும் தொடர்பு இருக்கக்கூடும் என எவரும் எளிதில் எண்ணார். ஆயினும் தென்மேற்குப் பருவக்காற்று வலுத்து வீசும் ஜூலை மாதத்தில் ஹுஸேன் ஸாகர் ஏரிக்கரையில் நிற்போர், பல வெண்ணிறப் பாய்கள் காற்றுக்கு ஒருக்களித்துச் செல்லும் காட்சியைக் காணலாம். இவ்வேரி 1562-ஆம் ஆண்டையொட்டி இப்ராஹிம் குலி குதுப் ஷாவின் ஆட்சிக்காலத்தில், ஊருக்கு நீர் வழங்கும் பொருட்டு அணைகட்டி உண்டாக்கப்பட்டது. இன்று செகந்திராபாத் பாய்ப்படகுக் கழகமும், ராணுவத்தின் மின்-இயந்திரப் பொறியியல் படையைச் சார்ந்த பாய்ப்படகுச் சங்கமும், 2009-இல் தோன்றிய ஹைதராபாத் யாட் கிளப்பும் இங்கே படகு விடுகின்றன. நாடு முழுவதிலுமிருந்து வீரர்கள் இவ்வேரிக்குப் போட்டியிட வருகின்றனர்.

இத்தகைய படகுகளை நம் செய்தித்தாள்கள் 'உல்லாசப் படகு' என மொழிபெயர்ப்பது வழக்கம். இது பொருந்தாத சொல் என்றே கூறவேண்டும். அச்சொல்லைக் கேட்டவுடன் செல்வர் ஒருவர் சாய்வு நாற்காலியில் அமர்ந்திருக்க, பணியாட்கள் கலத்தைச் செலுத்தும் காட்சியே நம் மனத்தில் எழுகின்றது. சிறு பாய்ப்படகின் உடைமையாளரோ தாமே தலைவர், தாமே மாலுமி, தாமே தச்சர். மழைநாளில் படகினுள் தேங்கும் நீரை இறைப்பவரும் அவரே. இவ்வளவு உழைப்பைக் கேட்கும் ஒரு பொருளின்மீது அவர் இத்துணைப் பற்றுக் கொள்வது ஏன்? விடையின் பெரும்பகுதி கணக்கில் அடங்கியுள்ளது.

ஒரு படகின் வடிவத்தை மாற்றாமல் அதன் நீளத்தை மட்டும் இருமடங்காக்குவதாகக் கொள்வோம். அகலமும் ஆழமும் அதே விகிதத்தில் வளரும். ஆகவே படகு இடம்பெயர்க்கும் நீரின் அளவு, அதாவது படகின் எடை, எட்டு மடங்காகும். கட்டுமானப் பொருளும் கூலியும் பெரும்பாலும் எடையைப் பின்பற்றியே செல்லும். வேகமோ அவ்வாறு வளர்வதில்லை. நீரைப் பிளந்து செல்லும் கலம் தன் அணியத்தில் ஓர் அலையை எழுப்புகின்றது. வேகம் கூடக்கூட அவ்வலை நீண்டு, அதன் நீளம் படகின் நீர்க்கோட்டு நீளத்திற்குச் சமமாகும்போது, படகு தான் எழுப்பிய அலையின் பள்ளத்தில் தானே சிக்கிக்கொள்ளும். அதற்குமேல் வேகம் வேண்டின், மேட்டில் ஏறுவதுபோல் பெருவிசை தேவைப்படும். இந்த எல்லை வேகம் நீளத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. நீர்க்கோட்டு நீளத்தை அடிகளில் அளந்து, அதன் வர்க்கமூலத்தை 1.34-ஆல் பெருக்கினால் வேகம் நாட் அளவில் கிடைக்கும். 16 அடிப் படகிற்கு இது ஏறத்தாழ 5.4 நாட், 64 அடிக் கலத்திற்கு 10.7 நாட். நீளம் நான்கு மடங்கு, எடை அறுபத்து நான்கு மடங்கு, வேகம் இருமடங்கே! சிக்கனம் அறிந்த ஒருவர் எதனைத் தேர்ந்தெடுப்பார் என்று சொல்ல வேண்டுவதில்லை.

பாய் இழுக்கும் இழுப்பையும் நோக்குக. பாயின் கீழ்முனையைக் கட்டுப்படுத்தும் கயிற்றை நம் கடலோடிகள் தாமான் என்பர். 7 சதுர மீட்டர் பாயின்மீது 10 நாட் காற்று வீசும்போது உண்டாகும் விசை சுமார் 12 முதல் 15 கிலோகிராம் எடைக்குச் சமம். இதனை ஒரு மனிதன் கையால் தாங்கலாம். காற்றின் ஒவ்வோர் ஏற்றமும் இறக்கமும் தாமான் வழியே அவன் விரல்களுக்குத் தெரியும். பத்து மடங்கு பரப்புள்ள பாயில் அக்கயிற்றை உருளையில் சுற்றி இயந்திரத்தால் இழுக்க வேண்டியுள்ளது. காற்றுடன் இருந்த நேரடிப் பேச்சு அங்கே அறுந்துபோகின்றது. பெரிய கலங்களில் நெடுங்காலம் பணியாற்றியவர்களுங்கூட ஓய்வுக்காலத்தில் சிறு படகொன்றை நாடுவது இதனாலேயே போலும்.

எனினும் அளவு குறைவதில் நன்மையே அன்றித் தீமையும் உண்டு. படகைச் சாய்க்கும் திருப்புவிசை பாயின் பரப்பையும் பாய்மரத்தின் உயரத்தையும் பொறுத்து, நீளத்தின் மும்மடியாக வளரும். நிமிர்த்தும் திருப்புவிசையோ எடையையும் அகலத்தையும் பொறுத்து நான்மடியாக வளரும். ஆகவே அளவு குறையுந்தோறும் நிமிரும் ஆற்றல் சாயும் போக்கைவிட விரைவாகக் குறைகின்றது. சிறு படகு எளிதில் கவிழ்வதன் காரணம் இதுவே. காற்றின் வேகம் இருமடங்கானால் அதன் விசை நான்கு மடங்காகும் என்பதையும் உடன் நினைவிற் கொள்ளவேண்டும். ஹுஸேன் ஸாகரைச் சூழ்ந்து உயர்ந்த கட்டிடங்கள் எழுந்துள்ளமையால் அங்கே காற்று சீராக வீசுவதில்லை. திடீரெனப் பாய்ந்து, திடீரென ஓயும்.

இக்குறையை ஈடுசெய்யும் எடை படகோட்டியின் உடலே. லேசர் என்று பெயர் பெற்று, இப்போது இல்கா எனப்படும் ஒற்றையாள் படகின் உடற்பகுதி 59 கிலோகிராம் எடையே உள்ளது. அதில் செல்பவன் கால்களைப் பட்டையில் மாட்டி, உடலைக் காற்று வரும் பக்கத்தில் நீரின்மேல் சாய்த்துத் தொங்குவான். இது மேனாட்டார் கண்டறிந்த புதுமை அன்று. பாக் நீரிணைக் கரையில் தொண்டிப் பக்கத்து மீனவர் தம் வத்தைகளின் குறுக்கே நீண்ட பலகையைக் கட்டி, காற்றுப் பக்கத்து முனையில் ஆட்களை அமர்த்திச் செல்வது இதே விதியின்படியே ஆகும்.

நிலைப்பாட்டின் விதிகள் எவ்வளவு கடுமையானவை என்பதை ஹுஸேன் ஸாகர் ஒருமுறை கொடுமையாக உணர்த்தியது. 1990 மார்ச்சில், ஒரே கல்லில் செதுக்கப்பட்ட புத்தர் சிலையைத் தட்டைக் கலத்தில் ஏற்றி ஏரி நடுவிலுள்ள பாறைக்குக் கொண்டுசென்றபோது, கலம் சாய்ந்து சிலை நீருள் மூழ்கியது; உடனிருந்தோர் பலர் உயிரிழந்தனர். பின்னர் சிலை மீட்கப்பட்டு 1992-இல் நிறுவப்பட்டது. அதைச் சுற்றியே இன்று சிறுவர்கள் பாய்ப்படகு பயில்கின்றனர். அவர்கள் படகு கவிழாதிருக்க மட்டுமன்றி, கவிழ்ந்தால் நடுப்பலகையின்மேல் ஏறி நின்று நிமிர்த்தவும் முதலிலேயே கற்பிக்கப்படுகின்றனர்.

சிறுவர்களின் படகு ஆப்டிமிஸ்ட் எனப்படும். 1947-இல் அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் கிளார்க் மில்ஸ் என்பவர், இரண்டே ஒட்டுப்பலகைகளில் அடங்கும்படி இதனை வரைந்தார். நீளம் 2.3 மீட்டர், எடை 35 கிலோகிராம். எளியோர் வீட்டுப் பிள்ளைகளும் கடலோடிகள் ஆகவேண்டும் என்பதே அதன் நோக்கம். ஹைதராபாத்தில் வறிய குடும்பங்களைச் சேர்ந்த சிறுவர் சிறுமியர் இதில் பயின்று தேசியப் போட்டிகளில் கலந்துகொள்வதைக் காணும்போது, அந்நோக்கம் நெடுந்தொலைவு பயணம் செய்துள்ளது எனலாம். ஆனால் அவர்கள் கவிழ்ந்து விழும் நீர் பல ஆண்டுகளாக நகரின் கழிவுகளை ஏற்ற நீர் என்பதையும் மறைப்பதற்கில்லை. அணைகட்டியவர்கள் குடிப்பதற்கெனத் தேக்கிய ஏரி அது.

ஏரியில் ஓடும் படகிற்குப் பொருந்தும் கணக்குக் கடலுக்கும் பொருந்துமா? இதற்கு விடையளித்த படகு நம் நாட்டிலேயே கட்டப்பட்டது. 1960-களின் தொடக்கத்தில் கப்பல் அதிகாரியாக இருந்த ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன் என்னும் ஆங்கிலேய இளைஞர், பம்பாயில் இந்தியத் தச்சர்களைக்கொண்டு தேக்கு மரத்தில் 32 அடி நீளப் படகு ஒன்றைக் கட்டுவித்து, அதற்கு 'சுஹைலி' எனப் பெயரிட்டார். அதன் வரைபடம் அப்போதே பழமையானது. நார்வே நாட்டு மீட்புப் படகுகளின் வழிவந்தது. விரைவான கலம் வேண்டுமென அவர் விரும்பாமலில்லை, பணம் இல்லை. ஆகவே இருந்த படகிலேயே 1968 ஜூன் 14 அன்று இங்கிலாந்தின் ஃபால்மத் துறைமுகத்தினின்று தனியே புறப்பட்டார். 312 நாட்கள் எங்கும் கரை சேராமல் உலகைச் சுற்றி, 1969 ஏப்ரல் 22 அன்று திரும்பினார். அவ்வாறு சுற்றியவர்களுள் அவரே முதல்வர். அப்போட்டியில் புறப்பட்ட ஒன்பதின்மருள் முடித்தவரும் அவர் ஒருவரே.

சுஹைலியின் நீர்க்கோட்டு நீளம் 28 அடி. எல்லை வேகம் 7 நாட். சராசரியில் கிட்டியது 4 நாட் மட்டுமே, மனிதன் விரைந்து நடக்கும் வேகம். அட்லாண்டிக்கில் பலகை மூட்டுகளில் நீர் கசிந்தபோது அவர் கடலுக்குள் மூழ்கி, பருத்தித் திரியை அடைத்து, கித்தானும் செப்புத் தகடும் பொருத்தினார். தெற்குப் பெருங்கடலில் அலை ஒன்று படகைப் புரட்டியது. தானே திசைகாக்கும் கருவி ஆஸ்திரேலியாவை அடையுமுன் பயனற்றுப் போயிற்று. எஞ்சிய பயணம் முழுவதும் படகு தன் போக்கைத் தானே காத்தது. நீண்ட ஏராவும் இரு பாய்மரங்களும் உடைய படகில், பாய்களின் விசைமையத்தை நீரெதிர்ப்பு மையத்துடன் இசையுமாறு பாய்களைச் சுருக்கியும் விரித்தும் அமைத்துவிட்டால், சுக்கானைக் கட்டிவிட்டு உறங்கலாம். கைக்கெட்டும் கருவிகளால் செப்பனிடக்கூடிய எளிமையே வேகமான கலங்களுக்கு இல்லாது அப்படகிற்கு இருந்த செல்வம்.

இதனால் சிறு படகு ஆபத்தற்றது எனக் கொள்ளலாகாது. சுஹைலியின் வடிவத்தில் கோவாவில் கட்டப்பட்ட 'துரியா'வில் 2018-ஆம் ஆண்டின் நினைவுப் போட்டியில் சென்ற கடற்படை அதிகாரி அபிலாஷ் டோமி, இந்தியப் பெருங்கடலில் செப்டம்பர் 21 அன்று புயலில் சிக்கினார். பாய்மரங்கள் முறிந்தன; அவர் முதுகெலும்பு முறிந்தது. மூன்றாம் நாள் பிரெஞ்சுக் கப்பல் ஒன்று அவரை மீட்டது. அவர் அதே போட்டியில், 36 அடிப் படகொன்றில் மீண்டும் புறப்பட்டு, 2023-இல் இரண்டாமவராக வந்து சேர்ந்தார்.

சுஹைலியோ முதுமையில் கிரீனிச் கடல்சார் அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டது. ஆனால் அங்கிருந்த உலர்ந்த காற்றில் தேக்குப் பலகைகள் சுருங்கி மூட்டுகள் விரியத் தொடங்கின. இதைக் கண்ட உடைமையாளர் 2002-இல் அதனை அங்கிருந்து எடுத்துச் சென்றார். பலகைகளைத் தம் கையாலேயே செப்பனிட்டு மீண்டும் கடலில் மிதக்கவிட்டார்.