ஸ்டூல் வந்தது, யாரும் உட்காரவில்லை

கடைகளில் வேலை பார்ப்பவர்களுக்கு உட்கார இடம் தர வேண்டும் என்று 2021 செப்டம்பரில் தமிழக சட்டமன்றத்தில் சட்டத்திருத்தம் வந்தது. 1947-ஆம் ஆண்டின் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். கேரளம் 2018-லேயே முந்திக்கொண்டது. கோழிக்கோடு மிட்டாய்த் தெருவில் விஜியும் அவருடைய ‘பெண்கூட்டு’ அமைப்பும் வருஷக்கணக்கில் போராடியதன் பலன் அது. நமக்குப் போராடாமலே கிடைத்தது. அதனால்தானோ என்னவோ, பல கடைகளில் அது காகிதத்தோடு நின்றுவிட்டது.

மதுரை விளக்குத்தூண் பக்கம் ஒரு ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவுக்கு நான் சூப்பர்வைசர். சேல்ஸ் கேர்ளாகச் சேர்ந்து மேலே வந்தவள். சட்டம் வந்த பிறகு எங்கள் தளத்துக்கும் ஸ்டூல் வந்தது. ஒருத்தியும் உட்காரவில்லை. கேட்டால், “கேமராவுல முதலாளி பார்ப்பாருக்கா” என்றார்கள். இன்னொருத்தி, “எல்லாரும் நிக்கும்போது நான் மட்டும் எப்படிக்கா?” என்றாள்.

‘முடியாதவர்கள் உட்காரலாம்’ என்று சொன்னால் வேலைக்கு ஆகாது. தனக்கு முடியவில்லை என்று எந்தப் பெண்ணும் வாய்விட்டுச் சொல்ல மாட்டாள். சொன்னால் அடுத்த சீசனுக்கு வேண்டாம் என்று விடுவார்களோ என்ற பயம். அதனால் உட்காருவதையும் வேலைமுறையில் சேர்த்தேன். காலையில் கடை திறந்த கொஞ்ச நேரமும், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகும் கூட்டம் இருக்காது. அந்த நேரத்தில் ரேட் ஸ்டிக்கர் ஒட்டுவது, பிரித்துப் போட்ட சேலையை மடிப்பது, ஸ்டாக் சரிபார்ப்பது எல்லாம் உட்கார்ந்துதான் செய்ய வேண்டும், முறை வைத்து. முதல் ஆளாக நானே உட்கார்ந்தேன். முதலாளியிடமும் முன்கூட்டியே சொல்லி வைத்தேன். கேமராவில் பார்த்துவிட்டு அவர் கேட்பதற்கு முன் நாம் சொல்லிவிடுவது நல்லது.

ஸ்டூல் வாங்குவதிலும் விஷயம் இருக்கிறது. குட்டை ஸ்டூலில் உட்கார்ந்தால் கவுன்ட்டருக்கு அந்தப் பக்கம் யார் வருகிறார்கள் என்றே தெரியாது. கால் வைக்கக் கம்பி உள்ள உயரமான ஸ்டூல்தான் சரி. கூட்ட நாளில் உட்காரவே வழியில்லையென்றால் நின்ற இடத்திலேயே குதிகாலைத் தூக்கி இறக்கச் சொல்வேன். காலில் இறங்கிய ரத்தத்தை மேலே தள்ளுவது கெண்டைக்கால் தசை. அசையாமல் நின்றால் அது வேலை செய்யாது, ரத்தம் கீழேயே தங்கும். கடையில் இருபது வருஷம் நின்ற அக்காமார்களின் காலில் சுருண்டு தெரியும் நரம்புகளை எங்கள் பிள்ளைகள் எல்லாரும் பார்த்திருக்கிறார்கள்.

இதைவிடப் பெரிய பிரச்சினை தண்ணீர். பெண்கள் குடிக்கவே மாட்டார்கள். கழிப்பறை மாடியில், அதற்கும் முன்பு ஆண் மேனேஜரிடம் சொல்லிவிட்டுப் போக வேண்டியிருந்தது. அந்தக் கூச்சத்துக்கே நாக்கு வறளக் கிடப்பார்கள். பிறகு நீர்க்கடுப்பு, காய்ச்சல், லீவு. இப்போது யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. பக்கத்துக் கவுன்ட்டரில் சொல்லிவிட்டுப் போகலாம். பில்லிங் மேஜையின் கீழ் டிராயரில் நாப்கின் இருக்கும், எடுத்துக்கொள்ளலாம். பைசா பெறாத மாற்றம். கடையில் நான் செய்ததிலேயே உருப்படியானது இதுதான் என்பேன்.

வேலை நேரத்துக்கு வருகிறேன். ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம், வாரத்துக்கு 48, நாலு மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்தால் ஒரு மணி நேர ஓய்வு என்கிறது அதே 1947 சட்டம். ஆடித் தள்ளுபடியிலும் தீபாவளியிலும் அது எந்தக் கடையில் நடக்கிறது என்று என்னைக் கேட்காதீர்கள். என்னால் முடிந்தது இரண்டு. கடைசிப் பந்தியில் சாப்பிட்டவர்களுக்கு மறுநாள் முதல் பந்தி. உசிலம்பட்டி, மேலூர் பஸ் பிடிக்க வேண்டியவர்கள் முதலில் கிளம்புவார்கள், உள்ளூர்க்காரர்கள் இருந்து மடித்து வைப்பார்கள். அதற்கு ஈடாக உள்ளூர்க்காரர்கள் காலையில் தாமதமாக வரலாம். தீபாவளி முடிந்து தரும் ஈட்டு விடுப்பை சீசன் தொடங்கும் முன்பே தேதி போட்டு எழுதி வாங்கிவிடுங்கள். முடிந்த பிறகு கேட்டால் யாருக்கும் ஞாபகம் இருக்காது.

ஈஎஸ்ஐ காப்பீட்டைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ளவர்களுக்கு அது பொருந்தும். நம் சம்பளத்தில் 0.75 சதவீதம் பிடிக்கிறார்கள், முதலாளி 3.25 சதவீதம் கட்டுகிறார். விதிப்படி சந்தா கட்டியிருந்தால் நோய்க்காலத்தில் வருஷத்துக்கு 91 நாள் வரை 70 சதவீதச் சம்பளம் கிடைக்கும். மருந்து மாத்திரைக்கு மட்டும்தான் என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். புதிதாகச் சேரும் பெண்ணிடம் நான் முதலில் சொல்வது, உன் ஈஎஸ்ஐ எண்ணைக் கேட்டு வாங்கி போனில் ஏற்றிக்கொள் என்பதுதான்.

உடம்பு நலம் என்று யோகா தினத்தில் கடையில் பாய் விரித்து போட்டோ எடுப்பதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அன்றைக்கும் மாலை வரை நிற்கத்தான் வேண்டியிருக்கிறது.

இப்படி உட்காரவும் ஓய்வெடுக்கவும் விட்டால் வியாபாரம் குறையாதா என்று முதலாளிகள் கேட்பார்கள். காஞ்சிபுரம் எது, ஆரணி எது, சுங்குடியில் சாயம் நிற்குமா என்று கையால் தொட்டுச் சொல்லத் தெரிந்த பெண் காலைப் பிடித்துக்கொண்டு வேலையை விட்டு நின்றுபோனால்தான் வியாபாரம் குறையும்.

சேலை எடுக்க வருபவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். கவுன்ட்டருக்குப் பின்னால் ஒரு பெண் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் முதலாளியிடம் போய்ச் சொல்லாதீர்கள். அவளைக் கூப்பிடுங்கள், எழுந்து வருவாள்.