கைக்கு வராத வியாபாரத்துக்கு நஷ்டஈடு உண்டா?

கேள்வி: ஒப்பந்தமே போடாத நிலையில், வரவிருந்த வியாபாரத்தை இன்னொருவர் கெடுத்துவிட்டால் அமெரிக்காவில் வழக்குப் போட முடியுமா?

பதில்: முடியும். ஆனால் விலையைக் குறைத்து வாடிக்கையாளரை இழுப்பது வெறும் போட்டி, அதற்கு வழக்கில்லை. லஞ்சம், மோசடி, மிரட்டல் என்று சட்டம் தனியாகவே தப்பென்று சொல்லும் ஒரு செயல் நடந்திருக்க வேண்டும். கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் 1995-இல் டொயோட்டா வழக்கில் இதை உறுதியாகச் சொன்னது.

அதே நீதிமன்றத்தின் 2003 தீர்ப்பைக் கட்டாயம் படியுங்கள். தென்கொரிய ராணுவத்துக்கு ரேடார் விற்க முயன்ற கனடா நிறுவனத்துக்காக 'கொரியா சப்ளை' என்ற நிறுவனம் தரகு வேலை பார்த்தது. விற்பனை முடிந்திருந்தால் கமிஷன் மட்டும் 3 கோடி டாலருக்கு மேல். ஆர்டரோ லோரல் நிறுவனத்துக்குப் போனது. லஞ்சம் கொடுத்தே அதை வாங்கினார்கள் என்பது புகார். தரகரின் வியாபாரத்தைக் கெடுக்கும் நோக்கத்தோடுதான் செய்தார்கள் என்று நிரூபிக்கத் தேவையில்லை, தன் செயலால் அந்த வியாபாரம் கெடுவது நிச்சயம் எனத் தெரிந்திருந்தாலே போதும் என்று நீதிமன்றம் வழக்கைத் தொடர அனுமதித்தது. மிக நியாயமான முடிவு. லஞ்சம் கொடுப்பவர் யாரையும் பெயர் சொல்லிக் குறிவைப்பதில்லையே!

ஒன்றை மறக்காதீர்கள்: 'யாராவது வாங்கியிருப்பார்கள்' என்ற வாதம் நிற்காது. இன்னாரோடு பேச்சு நடந்தது, அது கைகூடியிருக்கும் என்று காட்டக் கடிதங்களும் விலைப்புள்ளிகளும் வேண்டும்.