கருவும் பொதுப்பணமும்

நம் கோவை மாநகரின் பெருஞ்சாலைகளிற் செல்வோர் முன்னாளில் பஞ்சாலைகளின் புகைபோக்கிகளைக் கண்டனர். இந்நாளில் அவற்றினிடையே மகப்பேறு வேண்டுவோரை அழைக்கும் மருத்துவ நிலையங்களின் பெயர்ப்பலகைகளையும் காண்கின்றனர். அந்நிலையங்களிற் கண்ணாடிக் கலத்தில் ஆணின் வித்தும் பெண்ணின் முட்டையும் கூட்டப்பெற்றுக் கருவாகின்றன. அவற்றுட் சில தாயின் கருப்பையிற் சேர்க்கப்படும். எஞ்சியவை கடுங்குளிரில் உறையவைத்துக் காக்கப்படும். அவ்வெஞ்சிய கருக்களைக்கொண்டு ஆராய்ச்சி செய்யலாமா, செய்யலாமெனின் அதற்குக் குடிகளின் வரிப்பணத்தைச் சர்க்கார் வழங்கலாமா என்னும் வினா அமெரிக்க நாட்டிற் பெரும்பூசலை விளைத்தது. நம் நாட்டில் அவ்வினா உரக்கக் கேட்கப்படவேயில்லை. பூசலில்லாமை நன்மைதானே என்று நாமும் ஒருகாலத்தில் எண்ணியதுண்டு. இப்பொழுது அங்ஙனம் எண்ணவில்லை. ஏன் என்பதை ஈண்டு எடுத்துரைப்போம்.

முதற்கண் பொருளைத் தெளிந்துகொள்ளல் வேண்டும். பொள்ளாச்சிப் பக்கத்துத் தோப்புக்களில் வளர்ந்தவர்க்கு இது விளங்குதல் எளிது. தென்னையின் மட்டையும் பாளையும் யாவும் உச்சியிலுள்ள ஒரு குருத்தினின்றே தோன்றுகின்றன. மனித உடலிலும், இன்ன உறுப்பாவோம் என்று இன்னும் உறுதிப்படாத அணுக்கள் உண்டு. அவற்றைக் குருத்தணுக்கள் என்பர். கருவுற்ற ஐந்தாறு நாளில் நூறு அணுக்கள் அளவாகத் திரண்டதோர் நுண்ணிய உருண்டை தோன்றும். அதன் உட்புறத்து அணுக்கள் இரத்தம், நரம்பு, தசை ஆகிய எதுவாகவும் ஆகவல்லன. ஆனால், குருத்தைப் பறித்தபின் தென்னை நில்லாது. அங்ஙனமே அவ்வணுக்களை எடுத்தபின் கருவும் நில்லாது. வளர்ந்தோர் எலும்பு மஜ்ஜையிலுள்ள குருத்தணுவோ வாழைக்கன்று போல்வது. கன்றைப் பெயர்த்தாலும் தாய்வாழை நிற்கும்; எனினும் அவ்வணுவினின்று பிறப்பன பெரும்பாலும் இரத்த அணுக்களே. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொண்டு மயங்குவோர் பலர். விளம்பரத்தால் பிழைக்கும் மருத்துவர் சிலர்க்கு அம்மயக்கம் இலாபமாகவும் இருக்கிறது.

1998-ஆம் ஆண்டில் விஸ்கான்ஸின் பல்கலைக்கழகத்து ஜேம்ஸ் தாம்ஸன் என்பார் மனிதக் கருவின் குருத்தணுக்களை முதன்முதலாகப் பிரித்தெடுத்து வளர்த்தார். கருவை அழிக்கும் ஆராய்ச்சிக்கு மத்திய சர்க்காரின் பணம் செல்லலாகாது என்னும் விதி 1996 முதல் ஆண்டுதோறும் அந்நாட்டுச் செலவுச் சட்டத்திற் சேர்க்கப்பட்டு வந்தமையின், அவர் தனியார் பொருளைப் பெற்று, சர்க்கார் பணம் கலவாத வேறோர் ஆய்வுக்கூடத்தில் அதனைச் செய்தார். 2001 ஆகஸ்டு 9-ஆம் நாள் ஜனாதிபதி ஜார்ஜ் புஷ் ஒரு நடுவழி வகுத்தார். அந்நாளுக்குமுன் அழிந்த கருக்களினின்று ஏற்கெனவே உண்டாக்கப்பட்ட அணு வரிசைகளை ஆராயப் பணம் உண்டு. இனி அழிக்கப்படுவனவற்றிற்கு இல்லை என்பதே அது. பின்னர்க் காங்கிரஸ் மன்றம் இத்தடையைத் தளர்த்த இருமுறை மசோதா நிறைவேற்றியது. 2006-லும் 2007-லும் அவர் அவற்றைத் தம் அதிகாரத்தால் தள்ளிவிட்டார். இடையே 2004-இல் கலிபோர்னியா மாகாணத்துக் குடிகள் தாமே வாக்களித்து இவ்வாராய்ச்சிக்கு 300 கோடி டாலர் கடன் திரட்ட இசைந்தனர். 2009 மார்ச்சு 9-இல் ஒபாமா புஷ்ஷின் தடையை நீக்கினார். எனினும், கருவை அழிக்கும் செயலுக்கே சர்க்கார் பணம் செல்லலாகாதென்ற பழைய விதி அப்படியே நின்றது.

இருதிறத்தாரையும் எளிதில் இகழ்தல் தகாது. கருவும் மனித உயிரே. அதனை அழிக்க எம் வரியையும் எடுப்பது எம் மனச்சாட்சியை மிதிப்பதாகும் என்றனர் ஒருசாரார். எவ்வாற்றானும் எறியப்படவிருக்கும் கருவை எறிவதினும், நீரிழிவாலும் நடுக்குவாதத்தாலும் வருந்துவார்க்குப் பயன்படுத்தல் அறமன்றோ என்றனர் மற்றொருசாரார். இது கட்சிப்பூசல் மட்டுமன்று. கருச்சிதைவைக் கடுமையாக எதிர்த்த செனட்டர் ஹாட்ச் இவ்வாராய்ச்சியை ஆதரித்தார். மறதிநோயாற் கணவரை இழந்துகொண்டிருந்த நான்ஸி ரீகன் அம்மையாரும் தம் கட்சித் தலைவருக்கு மாறாகப் பேசினார்.

இதில் நம் நாட்டுக்கும் ஒரு பங்கு உண்டு. புஷ்ஷின் வரம்புக்கு உட்பட்டவையென அமெரிக்கச் சுகாதார நிலையம் வெளியிட்ட 64 அணு வரிசைகளுள் பத்து இந்தியாவில் இருந்தன: ஏழு மும்பையில் ரிலையன்ஸ் நிறுவனத்தாரிடத்தும், மூன்று பெங்களூர்த் தேசிய உயிரியல் ஆய்வு மையத்தினிடத்தும். அமெரிக்கர் தம் நாட்டிற் பேச வாய் போதாமல் வழக்கிட்ட ஒரு பொருள் இங்கே ஓசையின்றி இருந்ததை அப்பட்டியலால்தான் நம்மவருட் பலர் அறிந்தனர். அப்பட்டியலிற் கண்டவற்றுள் ஆராய்ச்சியாளர் கைக்கு எட்டியவை முடிவில் இருபது அளவே. அவற்றுள் நம் நாட்டு வரிசை ஒன்றேனும் இல்லை.

இந்தியச் சர்க்கார் பணம் தர மறுக்கவில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் உயிர்த்தொழில்நுட்பத் துறையும் கூடி 2007-இல் நெறிமுறைகளை வெளியிட்டு, 2013-லும் 2017-லும் திருத்தின. பதினான்கு நாளுக்கு மேற்பட்ட கருவை ஆய்வுக்கூடத்தில் வளர்த்தலாகாது. பெற்றோர் இசைவு வேண்டும். குழுக்களின் அனுமதி வேண்டும் என்பன அவற்றின் சாரம். 2013-ஆம் ஆண்டுத் திருத்தத்தில் தலைப்பிலிருந்த ‘சிகிச்சை’ என்னும் சொல்லையே எடுத்துவிட்டனர். மெய்ப்பிக்கப்படாத சிகிச்சையைப் பணத்துக்கு விற்போர் அச்சொல்லைக் கேடயமாகக் கொள்ளாதிருக்கவே அங்ஙனம் செய்தனர். பெங்களூரில் ஜவகர்லால் நேரு பெயர்தாங்கிய ஆய்வு மையத்தார், மகப்பேற்று நிலையத்தில் தரம் குன்றியவையெனத் தள்ளப்பட்ட கருக்களினின்று இரண்டு வரிசைகளை உண்டாக்கி 2009-இல் உலகுக்கு அறிவித்தனர். எக்கருக்களை எடுத்தோம் என்பதை அவர்கள் வெளிப்படையாக எழுதிவைத்தனர் என்பதே நாம் ஈண்டுக் கருதுவது.

வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் 2005 முதல் சர்க்கார் பொருளுதவியுடன் ஒரு குருத்தணு ஆராய்ச்சி மையம் நடைபெறுகிறது. குருதி உறையாநோய் கொண்ட ஐவர்க்கு, அவரவர் இரத்தக் குருத்தணுவிலேயே குறையுள்ள மரபுக்கூற்றின் நல்வடிவைப் புகுத்திக் கொடுத்து, அவர்களின் இரத்தப்பெருக்கு நின்றதை அங்குள்ளோர் 2024 டிசம்பரில் வெளியிட்டனர். இதிற் கரு தொடப்படவில்லை. வாழைக்கன்றின் வழியே இது. ஜப்பானியராகிய யமனாக்கா, வளர்ந்த தோலணுவையே கருவணுபோல் மீட்கலாமென 2006-இல் எலியிலும் 2007-இல் மனிதரிடத்தும் காட்டி 2012-இல் நோபல் பரிசு பெற்றார். இனி வழக்கு முடிந்ததென்றனர் பலர். ஆனால், மீட்ட அணு மெய்யாகவே கருவணுவை ஒத்ததா என்று காண்பதற்குக் கருவணுவே ஒப்புநோக்கற்பாலதாக நிற்கிறது.

நிற்க. 2022 ஜூன் மாதத்தில் நம் ஈரோட்டில் ஒரு வழக்கு எழுந்தது. பதினாறு வயதுச் சிறுமி ஒருத்தியின் கருமுட்டைகள், பொய் வயது காட்டும் சான்றின் துணையால், தனியார் மருத்துவமனைகளிற் பன்முறை எடுத்து விற்கப்பட்டன என்பது முறையீடு. காவல்துறையார் சிலரைச் சிறைப்படுத்தினர். மாநில மருத்துவத் துறையார் குழு அமைத்து விசாரித்தனர். அம்முட்டைகள் ஆராய்ச்சிக்குச் சென்றவையல்ல. பிள்ளையற்றோர்க்கு மகப்பேறு தரவே எடுக்கப்பட்டவை. எனினும் ஒன்று நோக்குக. ஆராய்ச்சிக்கூடத்தில் ஒரு கருவைத் தொடப் பல குழுக்களின் கையெழுத்து வேண்டும். அக்கருவுக்கு மூலமாகிய முட்டையைச் சந்தையில் வாங்க ஒரு பொய்ச்சான்று போதியதாயிற்று. பொதுப்பணம் சென்ற இடத்துக்குக் கணக்கும் கேள்வியும் உடன் சென்றன. தனிப்பணம் மட்டும் சென்ற இடத்துக்கு அவை ஒரு சிறுமியின் துன்பம் வெளிவந்த பின்னரே சென்றன.

ஆகவே, ‘சர்க்கார் பணம் தராவிடின் கரு காக்கப்படும்’ என்னும் வாதத்தை நாம் ஏற்கக் கூடவில்லை. தாம்ஸனுக்கு அமெரிக்கச் சர்க்கார் பணம் தரவில்லை, கரு அழியாதிருந்ததா? இல்லை. பணம் தராதவர் அழிவை நிறுத்தவில்லை. அதனைக் கணக்குக் கேட்கும் உரிமையைத்தான் பெரிதும் இழந்தனர்.

சர்க்காரின் கண் என்றும் நற்கண் என்று நாம் சொல்லத் துணியோம். உறையவைத்த கருவினின்று பிறந்த துர்க்கா என்னும் மகவை 1978 அக்டோபர் 3-இல் கல்கத்தாவில் உலகுக்குக் காட்டிய டாக்டர் சுபாஷ் முகோபாத்தியாய் என்பாரை, அம்மாகாணச் சர்க்கார் அமைத்த குழுவினர் நம்பாது எள்ளினர். தொடர்பில்லாத பணிக்கு மாற்றப்பட்ட அவர் 1981-இல் தம்முயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். அவருடைய குறிப்புக்களைப் படித்து அவர்க்கு முதன்மை உரியதென 1997-இல் எடுத்துரைத்தவர் ஆனந்தகுமார். அதுவரை அப்பெருமை அவர்க்கே உரியதாயிருந்தது. அதனைத் தாமே விட்டுக்கொடுத்தார் என்பதை நம் மாணவர் அறிதல் நன்று. கணக்குக் கேட்போர் கற்றவராயும் இருத்தல் வேண்டும் என்று மட்டும் இதனாற் கொள்வோம்.

2021-ஆம் ஆண்டின் மகப்பேற்றுத் துணைமுறைச் சட்டம் 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. முட்டை தருவோர் 23 முதல் 35 வயதுக்குட்பட்டவராயிருத்தல் வேண்டும். வாழ்நாளில் ஒருமுறையே தரலாம். ஏழு முட்டைக்கு மேல் எடுத்தலாகாது. சேமித்த கருவைப் பத்தாண்டுக்கு மேல் வைத்தலாகாது. அதன்பின் அழியவிடலாம், அல்லது பெற்றோர் இசைவுடன் பதிவுபெற்ற ஆராய்ச்சி நிலையத்துக்கு அளிக்கலாம். சட்டம் வந்தபின் முதன்முதற் சேமித்த கருக்களுக்கு 2032-இல் தவணை முடியும். அப்பொழுது கோவையிலும் ஈரோட்டிலும் சேலத்திலும் உள்ள தம்பதிகள் பலரிடம் ஒரு தாளை நீட்டிக் கையெழுத்துக் கேட்பர். அத்தாளில் எழுதியிருப்பது அவர்களுக்கு விளங்கும் தமிழில் இருக்குமா, விளக்கிச் சொல்வார் யார், கொடுத்த கரு எந்நிலையத்துக்குச் சென்றதென்று பின்னர் அவர்கள் கேட்டறிய இயலுமா என்பவற்றை நம் சட்டசபை அங்கத்தினரிடமும் பார்லிமெண்டு அங்கத்தினரிடமும் இப்பொழுதே கேட்கலாம். காலம் இன்னும் இருக்கிறது.