ஆய்வேட்டுக்காக நான்கு நாள்

கள ஆய்வை முடித்துத் திரும்பிய பிறகு பதினான்கு மாதம் நான் ஆய்வேட்டில் ஒரு பக்கம்கூட எழுதவில்லை. நேர்காணல்கள் எல்லாம் தட்டச்சு செய்து தயாராக இருந்தன. நெறியாளரைப் பார்க்கும்போதெல்லாம் "எழுதிக்கிட்டிருக்கேன் சார்" என்பேன். காலையில் மடிக்கணினியைத் திறந்தால், இன்னும் ஒரே ஒரு கட்டுரையைப் படித்துவிட்டு ஆரம்பிக்கலாம் என்று தோன்றும். படிக்கப் படிக்க எழுதும் தைரியம் குறைந்துகொண்டே போனது. அந்த முடக்கம் உடைந்தது ஒரு மே மாதத்தில், திருவையாறு பக்கம் நண்பர் ஒருவரின் பாட்டி வீட்டுக் கூடத்தில், ஐந்து பேராக உட்கார்ந்து எழுதிய நான்கு நாளில்தான். அதன் பிறகு அப்படிப் பல எழுத்து முகாம்களில் இருந்துவிட்டேன். நீங்களே கூடி ஒன்றை நடத்திக்கொள்ளலாம்.

எப்போது வைப்பது? யுஜிசியின் 2022ஆம் ஆண்டு விதிகளின்படி முனைவர் பட்ட ஆய்வுக்கு அதிக அளவு 6 ஆண்டு. மறுபதிவு செய்தால் மேலும் 2. பெண்களுக்கும், 40 சதவீதத்துக்கு மேல் குறைபாடுள்ள மாற்றுத்திறனாளிகளுக்கும் இன்னும் 2 ஆண்டு சலுகை உண்டு. காகிதத்தில் நிறையக் காலம்தான். ஆனால் களமும் ஆய்வகமும் அதை விழுங்கிய பிறகு எழுத்துக்கு மிஞ்சுவது கடைசிச் சில மாதங்கள். எல்லாத் தரவும் சேரட்டும் என்று காத்திருக்காதீர்கள். ஓர் இயலுக்குப் போதுமான தரவு கையில் வந்ததுமே முகாமுக்கு நாள் குறியுங்கள்.

ஆள் நான்கிலிருந்து எட்டு வரை போதும். ஒரே துறையாக இல்லாமல் இருப்பது நல்லது. தமிழ்த் துறைக்காரரும் வேதியியல்காரரும் தேநீர் நேரத்தில் கோட்பாட்டுச் சண்டை போட மாட்டார்கள். நெறியாளர்களை அழைக்க வேண்டாம். அவர்கள் எவ்வளவு அன்பானவர்களாக இருந்தாலும், அறையில் இருந்தால் ஒவ்வொரு வாக்கியத்தையும் திருத்தமாக எழுதத் தோன்றும்; முதல் வரைவு அதிலேயே நின்றுவிடும்.

இடத்துக்கு அலைய வேண்டாம். விடுமுறையில் காலியாக இருக்கும் கல்லூரிக் கருத்தரங்கு அறை, பல்கலைக்கழக விருந்தினர் இல்லம், யாராவது ஒருவரின் பூட்டிக் கிடக்கும் ஊர் வீடு, எதுவும் சரி. கொடைக்கானல் மட்டும் வேண்டாம். மலைக்குப் போனால் சுற்றிப் பார்க்கத்தான் தோன்றும். பெரிய மேசை, முதுகு வலிக்காத நாற்காலி, ஆளுக்கொரு மின் இணைப்பு, பக்கத்தில் சாப்பாடு தரும் ஒருவர். சமையலை நீங்கள் எடுத்துக்கொள்ளாதீர்கள். எடுத்துக்கொண்டால் அது கடைசியில் குழுவில் உள்ள பெண்களின் தலையில்தான் விழும்.

இரவு வெளியே தங்க முடியாதவர்கள், கைக்குழந்தையோ பள்ளிக்கூடப் பிள்ளையோ உள்ளவர்கள், கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டே பகுதி நேரமாக ஆய்வு செய்பவர்கள் நிறையப் பேர். அவர்களை விட்டுவிட்டு முகாம் நடத்தக் கூடாது என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். காலை 9.15 முதல் மாலை 5.30 வரை பகல் முகாமாக வைத்தால் அதே அளவு எழுத முடியும். பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து அழைத்துவர வேண்டியவர்கள் கடைசி அமர்வை விட்டுவிட்டுப் போகட்டும்.

எல்லாரும் ஒரே அறையில்தான் எழுத வேண்டும். ஆளுக்கொரு தனி அறை இருந்தால் நல்லது என்று முதலில் எல்லாருமே கேட்பார்கள். ஸ்காட்லாந்தில் கல்வியாளர்களுக்கும் ஆய்வாளர்களுக்கும் இத்தகைய முகாம்களைத் தொடர்ந்து நடத்திய ரொவீனா மரே, ஒரே அறையில் ஒரே நேரத்தில் எழுதுவதையே தன் முறையின் அடிப்படையாக வைத்தார். ஏன் என்பது திருவையாற்றில் எனக்குப் புரிந்தது. கை தானாகப் பையிலிருக்கும் போனைத் தேடும். நிமிர்ந்து பார்த்தால் நான்கு தலைகள் குனிந்திருக்கும். கை திரும்பி வந்துவிடும்.

முந்தைய வாரத்து வேலைதான் முகாமைக் காப்பாற்றும். எழுதப்போகும் இயலுக்குத் தேவையான மேற்கோள்களை, பக்க எண்ணோடு, ஒரே கோப்பில் தொகுத்துவிடுங்கள். அந்தக் கோப்பு தனி, வரைவு தனி. இரண்டையும் கலந்தால் அடுத்தவர் வாக்கியம் தெரியாமலே உங்கள் பத்திக்குள் குடியேறிவிடும். யுஜிசியின் 2018ஆம் ஆண்டு விதிகளில் ஒப்புமை 10 சதவீதத்தைத் தாண்டினாலே ஆய்வேட்டைத் திருத்தித் திரும்பக் கொடுக்க வேண்டும். உங்கள் துறையில் ஏற்கெனவே பட்டம் பெற்றவர்களின் இரண்டு ஆய்வேடுகளை, ஆய்வேடுகளைச் சேர்த்து வைக்கும் சோத்கங்கா இணையத் தளத்தில் எடுத்து, இயல்கள் எவ்வளவு நீளம், எப்படித் தொடங்குகின்றன என்று பார்த்துக்கொள்ளுங்கள். அதையும் முன்பே செய்துவிடுங்கள். முகாமுக்குப் புத்தகம் எடுத்துவர வேண்டாம். எழுத்துரு மாற்றுவது, துணைநூற்பட்டியலைச் சீர்செய்வது போன்ற வேலைகளும் வேண்டாம். இவை நாள் முழுக்க உழைத்த களைப்பைத் தரும். இயல் அதே இடத்தில் நிற்கும்.

நேரம் இப்படி: 9.15க்கு எல்லாரும் இன்றைய இலக்கைச் சொல்வது. 9.30 முதல் 11 வரை எழுத்து. அரை மணி தேநீர். 11.30 முதல் 1 வரை எழுத்து. சாப்பாடு, கொஞ்சம் நடை. 2.15 முதல் 3.45 வரை மறுபடி. தேநீருக்குப் பின் 4.15 முதல் 5.30 வரை கடைசி அமர்வு. மொத்தம் ஐந்தே முக்கால் மணி நேரம். ராத்திரி எழுத வேண்டாம்; மறுநாள் காலை அமர்வு அதற்கு விலை கொடுக்கும். ஒருவர் மணி பார்த்துக்கொள்ளட்டும். நன்றாக ஓடிக்கொண்டிருந்தாலும் நேரமானால் நிறுத்திவிட வேண்டும்.

இலக்கு சொல்வதில்தான் பெரும்பாலோர் தடுக்கி விழுகிறார்கள். "மூன்றாம் இயலை முடிக்கப் போகிறேன்" என்று தொடங்கியவர் சாயங்காலம் முகம் வாடி உட்கார்ந்திருப்பார். இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "சென்னிமலை நெசவுக் குடும்பங்கள் யாரிடம் கடன் வாங்குகின்றன என்ற பகுதியை, ஆறு நேர்காணல்களை வைத்து, 11 மணிக்குள் 500 சொல் எழுதுவேன்." எதைப் பற்றி, எதை வைத்து, எவ்வளவு, எதற்குள் என்ற நான்கும் அதில் இருக்கின்றன. அமர்வு முடிந்ததும் எவ்வளவு ஆனது என்று பக்கத்திலிருப்பவரிடம் சொல்லுங்கள். 300தான் வந்தது என்றால் அடுத்த இலக்கை 300 ஆக்குங்கள். இரண்டாம் நாள் மதியத்துக்குள் உங்கள் வேகம் உங்களுக்கே தெரிந்துவிடும். மீதி ஆய்வேட்டுக்கு எத்தனை மாதம் வேண்டும் என்று முதல் தடவையாகக் கணக்குப் போட முடிவதும் அப்போதுதான்.

எழுத்து நடுவே ஒரு ஆண்டோ, பெயரோ, அட்டவணை எண்ணோ நினைவுக்கு வராவிட்டால் இணையத்தைத் திறக்காதீர்கள். அந்த இடத்தில் மூன்று உடுக்குறி போட்டுவிட்டு மேலே போங்கள்; பிறகு தேடி நிரப்பிக்கொள்ளலாம். வாக்கியமே வராமல் அடைத்துக்கொண்டால், "இந்தப் பகுதியில் நான் சொல்ல வந்தது" என்று தொடங்கி, ஊரிலிருக்கும் அத்தைக்கு விளக்குவது போலப் பேச்சுத் தமிழில் பத்து நிமிடம் நிறுத்தாமல் எழுதுங்கள். என் ஆய்வேட்டின் முடிவுரை அப்படி எழுதிய ஒன்றரைப் பக்கத்திலிருந்துதான் வந்தது.

வீடு திரும்பிய ஒரு வாரத்துக்குள் வரைவை நெறியாளருக்குக் கொடுத்துவிடுங்கள். எப்படி இருக்கிறது என்று கேட்காமல், இரண்டு குறிப்பான கேள்விகளை மேலே எழுதிக் கொடுத்தால் பதில் சீக்கிரம் வரும். குழு கலைய வேண்டாம். மாதத்தில் இரண்டு சனிக்கிழமை காலை நேரில் கூடியோ, முடியாதவர்கள் வீடியோ அழைப்பிலோ, ஒரு 90 நிமிட அமர்வு உட்காருங்கள்.

கடைசி நாளின் கடைசி அரை மணியில் புதிதாக எதையும் எழுத வேண்டாம். வீட்டில் முதல் நாள் எந்தப் பகுதியில் உட்காரப் போகிறீர்கள், எத்தனை மணிக்கு, அதன் முதல் வாக்கியம் என்ன என்று ஒரு சீட்டில் எழுதுங்கள். சீட்டை விசைப்பலகை மேல் வைத்து மடிக்கணினியை மூடுங்கள்.