கைதட்டலைக் கேட்கும் கணிப்பொறி

கச்சேரி என்றதும் பாடகரும் வயலினும் மிருதங்கமும் பின்னால் மீட்டப்படும் தம்புராவும் நம் நினைவுக்கு வருகின்றன. எதிரே அமர்ந்திருப்பவர்களை யாரும் பக்கவாத்தியங்களோடு சேர்த்து எண்ணுவதில்லை. ஆயினும் அவர்களுக்கும் கச்சேரியில் ஒரு பங்கு உண்டு. அந்தப் பங்கைச் செயற்கை நுண்ணறிவு எவ்வளவு தூரம் அறிந்துகொள்ளும் என்பதையே இக்கட்டுரையில் ஆராய முற்படுகிறோம்.

முதலில் ரசிகர் என்ன செய்கிறார் என்று பார்ப்போம். நம் அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பக்கங்களில் ஆடி மாதம் பிறந்துவிட்டால் அம்மன் கோயில் திருவிழாக்களில் மெல்லிசைக் கச்சேரி நடக்கும். விரும்பிய பாட்டைத் துண்டுச் சீட்டில் எழுதி மேடைக்கு அனுப்புவார்கள். விசில் பறக்கும். 'ஒன்ஸ்மோர்' என்று குரல் எழுந்தால் குழுவினர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு மறுபடியும் பல்லவியைத் தொடங்குவார்கள்.

மார்கழியில் மின்சார ரயிலேறி மயிலாப்பூர் சபாக்களுக்குப் போய்வருபவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். அங்கே விசில் இல்லை. ரசிகர் தொடையில் தாளம் போடுகிறார். ஆதி தாளமானால் ஒரு தட்டு, பிறகு சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல். அடுத்துத் தட்டு, வீச்சு, தட்டு, வீச்சு. ஆக எண்ணிக்கை 8. தனி ஆவர்த்தனத்தில் மிருதங்க வித்வான் கணக்கைப் பின்னிக்கொண்டே போகும்போது, அவர் வந்து சேரவேண்டிய இடத்தை அரங்கிலுள்ள கைகள் எல்லாம் காத்து நிற்கின்றன. கணக்கு டீச்சர் விடைத்தாளின் கடைசி வரியைப் பார்ப்பது போலத்தான். சரியாக வந்து விழுந்தால் ஒரு 'பேஷ்!', சில தலையசைப்புகள், அதன்பின் கைதட்டல்.

இந்தக் கைதட்டலைக் கொண்டுதான் சென்னை ஐ.ஐ.டி.யில் ஓர் ஆராய்ச்சி நடந்தது. பேராசிரியை ஹேமா மூர்த்தியும் அவருடைய மாணவர்களும் 2012, 2013 ஆண்டுகளில் அதைப் பற்றிக் கட்டுரைகள் வெளியிட்டார்கள். அவர்களுள் ஒருவரான விக்னேஷ் ஈஸ்வர் மேடையில் பாடும் வாய்ப்பாட்டுக் கலைஞர். ஆகவே, சங்கீதம் தெரியாதவர்கள் எட்ட நின்று செய்த வேலை என்று இதைச் சொல்ல முடியாது.

அவர்கள் எடுத்துக்கொண்ட பிரச்சினை எளிதாய்த் தோன்றும். இரண்டு மூன்று மணி நேரக் கச்சேரி முழுவதும் ஒரே ஒலிப்பதிவாக இருக்கிறது. அதில் வர்ணம் எங்கே முடிகிறது, அடுத்த கீர்த்தனை எங்கே தொடங்குகிறது? மனிதர் ஒருவர் உட்கார்ந்து கேட்டுக் குறிக்கலாம். ஆயிரக்கணக்கான மணி நேரப் பதிவுகளுக்கு அது நடக்கிற காரியமா? எனவே, ரசிகர் கைதட்டும் இடங்களைக் கணிப்பொறியே கண்டுபிடிக்கட்டும் என்று யோசித்தார்கள்.

கணிப்பொறிக்குக் காது இல்லை. அதனிடம் எண்களே உண்டு. பாட்டின் ஒலியில் ஓர் ஒழுங்கு இருக்கிறது. பெண் குரலுக்கு 5 கட்டைச் சுருதி என்றால் ஆதார ஸட்ஜம் வினாடிக்கு ஏறக்குறைய 196 அதிர்வுகள். அதன் மடங்குகளான 392, 588, 784 ஆகிய இடங்களிலும் ஒலியாற்றல் குவிந்திருக்கும். கைதட்டலில் இந்தக் குவிப்பு இராது. கையோடு கை மோதும் ஓசை கணத்தில் தோன்றிக் கணத்தில் மறைகிறது. அதன் ஆற்றல் தாழ்ந்த ஒலியிலிருந்து உயர்ந்த ஒலிவரை பரவிக் கிடக்கிறது. நூறு பேர் முன்பின்னாகத் தட்டினால், தகரக் கூரையின்மேல் பெய்யும் மழை! இப்படி ஆற்றல் எவ்வளவு சிதறியிருக்கிறது என்பதை ஓர் எண்ணால் குறிக்கலாம். இயற்பியலில் படிக்கும் என்ட்ரோபி என்ற பெயரே இதற்கும் வழங்குகிறது. அந்த எண் உயர்ந்தால் கைதட்டல், தாழ்ந்தால் இசை என்று கணிப்பொறி பிரித்துவிடும். ஒரு கணத்திற்கும் அடுத்த கணத்திற்கும் ஒலி எவ்வளவு மாறுகிறது என்ற அளவும் இதற்குத் துணை செய்கிறது.

சிக்கல் இனிமேல்தான். மேல்நாட்டு சாஸ்திரீயக் கச்சேரியில் பல பகுதிகள் கொண்ட ஒரு படைப்பை வாசித்தால், எல்லாப் பகுதிகளும் முடிந்த பிறகே கைதட்டுவது இன்றைய வழக்கம். நம் ரசிகர் அப்படிப் பொறுத்திருப்பவர் அல்லர். ராக ஆலாபனை முடிந்தால் தட்டுவார். அதே ராகத்தை வயலின் வாசித்து முடித்தால் தட்டுவார். தனி ஆவர்த்தனம் முடிந்தால் இன்னும் பலமாகத் தட்டுவார். பாட்டு ஒன்றுதான், கைதட்டல் மூன்று நான்கு. கைதட்டல் கேட்டபோதெல்லாம் வெட்டினால் ஒரே கீர்த்தனை துண்டு துண்டாகிவிடும். ஆகவே இரண்டு கைதட்டல்களுக்கு இடையே ஒலிப்பது குரல் மட்டுமா, வயலின் மட்டுமா, தாளவாத்தியம் மட்டுமா, அல்லது எல்லாம் சேர்ந்த கீர்த்தனையா என்று பார்க்கவும் கணிப்பொறிக்குப் பயிற்சி கொடுத்தார்கள். அதன் பிறகு உரிய துண்டுகளை ஒரே உருப்படியாகச் சேர்க்க முடிந்தது. கைதட்டலின் பலத்தையும் நீளத்தையும் கொண்டு, கச்சேரியில் சிறப்பாக அமைந்த இடங்களைத் தேடவும் முயன்றார்கள்.

இதில் நாங்கள் கண்ட வேடிக்கை என்னவென்றால், உருப்படி முடிந்ததென்று கணிப்பொறிக்குச் சொல்லிக்கொடுத்தவர் ரசிகரே. 2020-ஆம் ஆண்டு மார்கழியில் கொரோனா காரணமாகக் கச்சேரிகள் பெரும்பாலும் இணையத்தின் வழியாகவே நடந்தன. கலைஞர்கள் காமிராவைப் பார்த்துப் பாடினார்கள். அந்தப் பதிவுகளை இம்முறையில் பிரிக்கச் சொன்னால், கணிப்பொறி எதைப் பிடித்துக்கொள்ளும்?

விரல் எண்ணுவதில் சத்தம் இல்லை. ஆகையால் ஒலிப்பதிவில் அது விழாது. ஆலாபனையின் உச்சியில் அரங்கமே மூச்சடக்கி இருக்கிறதே, அதுவும் ரசிகரின் பங்குதான். அந்த நிசப்தமும், காலி அரங்கின் நிசப்தமும் இயந்திரத்திற்கு ஏறக்குறைய ஒன்றே. காமிராவைக் கொண்டு கைகளின் அசைவை எண்ண முடியும் என்பது உண்மை. ஆனால் அந்தச் செய்தியை வைத்துக்கொண்டு அது என்ன செய்யும் என்பதே எங்கள் கேள்வி.

மேடையில் தானே வாசிக்கும் கணிப்பொறிகளும் இல்லாமல் இல்லை. அமெரிக்க டிராம்போன் கலைஞர் ஜார்ஜ் லூயிஸ் 1987-இல் 'வாயேஜர்' என்ற ஒன்றை உருவாக்கினார். உடன் வாசிப்பவரின் இசையைக் கேட்டு, அதற்கேற்ப அது பதில் இசை வாசிக்கும். அதன் கவனமெல்லாம் உடன் வாசிப்பவர் மேலேயே. எதிரே இருப்பவர்களை அது அறியாது.

நமக்குப் பழக்கமான கரோக்கிக்கு அந்தக் கவனமும் கிடையாது. பள்ளி விழா ஒன்றில் எங்கள் வகுப்புத் தோழி கரோக்கியோடு பாடினாள். முதல் சரணம் முடிந்ததும் பெற்றோர்கள் மகிழ்ந்து கைதட்ட, அந்தச் சத்தத்தில் அவளுக்கு இசை கேட்கவில்லை. இசை காத்திருக்கவும் இல்லை. எடுப்பைத் தவறவிட்டவள் பாட்டு முடியும்வரை துரத்திக்கொண்டே போனாள். ஆர்மோனியம் வாசிக்கும் சிஸ்டர் இருந்திருந்தால், அந்த இடத்திலேயே இரண்டு சுற்று கூடுதலாக வாசித்து அவளைக் கையைப் பிடித்து அழைத்துப் போயிருப்பார். அடுத்த விழாவுக்குக் கரோக்கியா, ஆர்மோனியமா என்ற விவாதம் எங்கள் வகுப்பில் இன்னும் ஓயவில்லை.

இக்கட்டுரைக்காக நாங்களும் ஒரு சிறு சோதனை செய்து பார்த்தோம். பள்ளி இசை மாலை ஒன்றை ஆசிரியையின் அனுமதியோடு கைப்பேசியில் பதிவு செய்து, கணிப்பொறியைப் போலவே கைதட்டல்களை மட்டும் நேரத்தோடு குறித்தோம். பாட்டுகளைப் பிரிப்பதில் தவறு நேரவில்லை. பிறகு மிக நீண்ட கைதட்டல் எது என்று பார்த்தோம். நன்றாகப் பயிற்சி பெற்ற சீனியர் அக்காமார்களின் சேர்ந்திசைக்கு அது கிடைக்கவில்லை. மூன்றாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி நடுவில் வரியை மறந்து நின்றுவிட்டாள். உதட்டைக் கடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்று, பிறகு முதலிலிருந்து தொடங்கிப் பாடி முடித்தாள். மிக நீண்ட கைதட்டல் அவளுக்குத்தான். மாலையின் சிறந்த இசை எதுவென்று எங்கள் பட்டியலைக் கேட்டால் அவள் பெயரைத்தான் முதலில் சொல்லும். அன்று அரங்கில் உட்கார்ந்திருந்த நாங்களும் கை வலிக்கத் தட்டியவர்கள்தான். ஆகையால் அதை அடித்துத் திருத்த எங்களுக்கு மனம் வரவில்லை.