கொடுமணல் மட்கலங்கள்

வெள்ளியங்கிரி மலைப்பகுதியில் தோன்றிக் கொங்கு நாட்டின் ஊடே ஓடிக் காவிரியிற் கலக்கும் ஆறு நொய்யல். முன்னாளில் அதற்குக் காஞ்சியாறு என்று பெயர். திருப்பூரைக் கடந்து அது செல்லும் வழியில், வடகரையில் அமைந்த சிற்றூர் கொடுமணல். பதிற்றுப்பத்துள் கபிலரும் அரிசில்கிழாரும் ‘கொடுமணம்’ எனக் குறித்த ஊர் இதுவே என்பர் அறிஞர்.

1985 ஆம் ஆண்டு முதல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் இங்கே அகழ்ந்து ஆராய்ந்தனர். இரண்டாயிரம் ஆண்டுகட்கு முற்பட்ட தொழிலூர் ஒன்று மண்ணுக்குள்ளிருந்து வெளிப்பட்டது. இரும்பு உருக்கிய உலைகளும், மணி கோப்போர் துளையிட்ட கற்களும் கிடைத்தன. பச்சைக்கல் அருகிலுள்ள படியூரில் எடுக்கப்பட்டது. சூதுபவளமோ தொலைவிலிருந்து வந்தது. நடுவில் இரும்புக் கம்பி செருகிய சுடுமண் தக்களிகளும் அகப்பட்டன. பின்னலாடைக்குப் பெயர்பெற்ற இப்பகுதியில் நூல் நூற்றல் நேற்றுப் பிறந்த தொழிலன்று!

எனினும் பொன்னினும் மணியினும் நம் உள்ளத்தைக் கவர்வன உடைந்த ஓடுகளே. அவற்றுட் பல உள்ளே கருமையும் வெளியே செம்மையும் உடையவை. கலத்தைச் சூளையிற் கவிழ்த்து வைத்துச் சுடுவர். காற்றுப் புகாத உட்புறமும் வாய்ப்புறமும் கறுக்கும். காற்றுப்பட்ட வெளிப்புறம் சிவக்கும். தீயையும் காற்றையும் ஏவல் கொண்ட வேட்கோவரின் திறம் வியத்தற்குரியது.

இவ்வோடுகள் பலவற்றில் தமிழ்ப் பிராமி எழுத்துகள் காணப்படுகின்றன. கண்ணன் ஆதன், பண்ணன், ஸம்பன், விஸாகி என்பன அவற்றிற் சில. ‘நிகம’ என்ற சொல்லும் ஓர் ஓட்டில் உண்டு; அது வணிகர் குழுவைக் குறிப்பது. வடபுலச் சாயலுடைய பெயர்கள், அயல்நாட்டாரும் இங்கு வந்து பழகியமையைக் காட்டும்.

பெரும்பாலான பெயர்கள் கலம் சுட்டபின் கூரிய கருவியாற் கீறப்பட்டவை. ஆதலின் அவை செய்தவன் பெயர் அல்ல, உடையவன் பெயர் எனக் கொள்ளுதல் பொருந்தும். சந்தையில் ஒன்றுபோல் அடுக்கிய கலங்களுள் ஒன்றை வாங்கியவன், “இஃது என்னுடையது” என்று அதனைத் தனக்கே உரித்தாக்கிக் கொண்டான். இன்று திருப்பூரில் தைத்து அயல்நாடு செல்லும் ஆடையின் கழுத்துப்பட்டையில் விற்பவன் பெயர் மட்டுமே உண்டு. அணிபவன் பெயரும் இல்லை, தைத்தவள் பெயரும் இல்லை. பண்ணனோ அரசனாகவோ புலவனாகவோ அறியப்படாதவன். ஆயினும் ஒரு சட்டியால் அவன் பெயர் நின்றது.

ஊரை அடுத்த ஈமக்காட்டிலும் கலங்கள் கிடைத்தன. பெரும் பலகைக் கற்களால் அறை அமைத்து, இறந்தார்க்கு வாளும் மணியும் கலமும் உடன்வைத்தனர். ஒரு குழியில் மட்டும் இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட சூதுபவள மணிகள் இருந்தன. விற்றிருந்தால் பெரும்பொருள் தந்திருக்கும் அம்மணிகளை, இழந்தவர் மண்ணுக்கே கொடுத்தனர். அவற்றின் அருகே நாள்தோறும் உண்ணும் எளிய கலங்களையும் வைத்தனர்.